கணினியில் லெகோ மாடுலர் கட்டடம் வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டைகளைக் கையில் எடுப்பதற்கு முன் கணினியில் கட்டடத்தை வடிவமைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை மென்பொருளின் உதவிப் பக்கமே சொல்லிவிடும்; அதை இங்கே விவரிக்கவில்லை. திரையில் எடை கிடையாது, தடித்த விரல்கள் கிடையாது, எந்தக் கட்டையும் தீர்ந்துபோவதில்லை. மேசையில் இவை எல்லாமே உண்டு. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சமாளிப்பது பற்றியவை.

மாடுலர் கட்டடம் என்று எதைச் சொல்கிறார்கள்?

2007ஆம் ஆண்டு லெகோ நிறுவனம் ‘கஃபே கார்னர்’ என்ற 10182 எண்ணிட்ட செட்டை வெளியிட்டது. 2,056 கட்டைகள் கொண்ட அந்த மூலைக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட். அதிலிருந்து ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று வீதம் வந்துகொண்டிருக்கும் வரிசையைத்தான் மாடுலர் கட்டடங்கள் என்கிறார்கள். 32×32 குமிழ் (கட்டையின் மேல் துருத்தி நிற்கும் சிறு வட்டப் புடைப்பு) கொண்ட பேஸ்பிளேட் என்ற அடித்தட்டின் மீது கட்டப்பட்டிருக்கும். முன்னால் நடைபாதை இருக்கும். தளம் தளமாகக் கழற்றி உள்ளே பார்க்கலாம். பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டி வைத்தால் ஒரு தெரு உருவாகும். இவைதாம் அடிப்படை விதிகள். விதிவிலக்குகளும் உண்டு. 2011இல் வந்த ‘பெட் ஷாப்’ 16 குமிழ் அகலமுள்ள இரண்டு கட்டடங்களாகப் பிரியும். 2017இல் பத்தாம் ஆண்டு நிறைவாக வந்த ‘அசெம்பிளி ஸ்கொயர்’ 48 குமிழ் அகலத்தில் 4,002 கட்டைகளோடு விரிந்தது.

நீங்கள் வடிவமைப்பது தனியாக நிற்கப்போகிறது என்றால் இந்த விதிகள் எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தெருவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டை மட்டும் மீறாதீர்கள்: நடைபாதையின் உயரம், பக்கவாட்டு இணைப்பு. பக்கவாட்டில் தரைமட்டத்தில் துளையுள்ள டெக்னிக் கட்டைகளை வைத்து, அவற்றில் ‘பின்’ (pin) என்ற சிறு ஆணியைச் செருகித்தான் ஒரு கட்டடத்தை அடுத்ததோடு பிணைக்கிறார்கள். துளை எத்தனையாவது குமிழில் வருகிறது என்பதை ஏதாவது ஒரு அதிகாரப்பூர்வ செட்டின் கையேட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். கையேடுகள் லெகோ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

விண்டோஸோ மேக்கோ வைத்திருந்தால் பிரிக்லிங்க் ஸ்டூடியோ. இலவசம். பாகங்களின் பட்டியல், லெகோ கட்டைகள் விற்கும் பிரிக்லிங்க் இணையச் சந்தையோடு இணைந்திருப்பதால், வடிவமைத்ததை வாங்குவது வரை ஒரே இடத்தில் முடிகிறது. பிரிக்லிங்க் நிறுவனத்தை 2019 நவம்பரில் லெகோவே வாங்கிவிட்டது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு லியோகேட் இருக்கிறது. அது திறமூல மென்பொருள், மற்ற இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும். எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மெக்காபிரிக்ஸ்.

இவற்றுள் பலவற்றுக்கு அடியில் எல்டிரா என்ற பாக நூலகம் இருக்கிறது. 1995இல் ஜேம்ஸ் ஜெஸ்மன் என்பவர் தொடங்கியது. அவர் 1997இல் மறைந்த பிறகும் ஆர்வலர்கள் கூடி அதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறார்கள். எல்டிரா கோப்பை ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஒரு கட்டைக்கு ஒரு வரி: முதலில் 1 என்ற எண், இது ஒரு பாகம் என்பதற்கு அடையாளம், அடுத்து நிறத்தின் எண், சிவப்பு என்றால் 4, பிறகு இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் ஒன்பது எண்கள், கடைசியில் பாகத்தின் கோப்புப் பெயர், 2×4 கட்டை என்றால் 3001. அவ்வளவுதான். நாலாயிரம் கட்டைக் கட்டடமும் இப்படி நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்தாம். ஏதோ ஒரு கட்டை எங்கோ வெளியில் போய் மறைந்துவிட்டது என்றால் இடத்தைச் சொல்லும் அந்த மூன்று எண்களைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

பழைய லெகோ டிஜிட்டல் டிசைனர் கோப்புகள் இருக்கின்றன. அவை வீணா?

இல்லை. 2004இல் வந்த அந்த மென்பொருளை லெகோ 2022இல் விலக்கிக்கொண்டது. ஆனால் அதன் கோப்புகளை ஸ்டூடியோ இறக்குமதி செய்துகொள்ளும். சில பாகங்கள் காணாமல் போகலாம், சில திரும்பி நிற்கலாம். இறக்குமதி செய்தவுடன் பாகங்களின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

நான்கே நான்கு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. முழுக் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் என்ற தட்டைக் கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ.

இவற்றிலிருந்து பிறக்கும் ஒரு சமன்பாட்டைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: ஐந்து பிளேட் உயரம் இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம். இரண்டுமே 16 மி.மீ. கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் வித்தைகள் எல்லாம் இதன் தலையில்தான் நிற்கின்றன.

நிஜக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வடிவமைக்கிறேன். அளவு விகிதத்தை எப்படி முடிவு செய்வது?

மனித உருவத்தை வைத்து முடிவு செய்யப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். லெகோ உருவத்தின் உயரம் ஏறத்தாழ 40 மி.மீ. அதை ஒரு சராசரி ஆளாக எடுத்துக்கொண்டால் விகிதம் 1:44 பக்கம் வருகிறது. அதே விகிதத்தில் அந்த உருவத்தின் இடுப்பு 70 செ.மீ. அகலம்! நான்கு குமிழ் அகலமும் ஆறு கட்டை உயரமும் கொண்ட கதவுச் சட்டம் இரண்டரை மீட்டர் உயரமாகிவிடுகிறது. நெடுக்கில் ஒரு விகிதம், அகலத்தில் இன்னொன்று என்பதுதான் இந்தப் பொம்மையின் இயல்பு.

ஆகவே முகப்பிலிருந்து தொடங்குங்கள். புகைப்படத்தில் சன்னல்களையும் அவற்றுக்கு இடையிலான தூண்களையும் எண்ணுங்கள். 32 குமிழில் அவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று கட்டம் போட்ட தாளில் பாருங்கள். ஐந்து சன்னல் இருக்கும் முகப்பு பெரும்பாலும் இடம் கொள்ளாது. மூன்றாகக் குறைத்தால் தூண்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பார்ப்பவர் சன்னல்களை எண்ணுவதில்லை. தூணுக்கும் சன்னலுக்கும் உள்ள விகிதம் சரியாக இருந்தால் “அதே கட்டடம்தான்” என்று ஒப்புக்கொண்டுவிடுவார். தளத்தின் உயரத்துக்குப் பத்துக் கட்டை என்பது நல்ல தொடக்கம். கூட்டுவதும் குறைப்பதும் பிறகு.

முதலில் எதைக் கட்டுவது? தரைத்தளத்தையா?

எல்லோரும் தரைத்தளத்தில்தான் தொடங்குகிறார்கள். அதனால்தான் எத்தனையோ கோப்புகள் இரண்டாம் தளத்தில் நின்றுபோயிருக்கின்றன.

என் யோசனை வேறு. முகப்பில் எது மிகக் கடினமோ அதை முதலில் தனிக் கோப்பில் கட்டுங்கள். வளைந்த சன்னலோ, மூலையில் சாயும் கோபுரமோ, கூரையின் கைப்பிடிச் சுவரோ, எதுவாகவும் இருக்கலாம். அது எத்தனை குமிழ் அகலம் கேட்கிறது, எந்த நிறத்தில் அதன் பாகங்கள் கிடைக்கின்றன என்பவை தெரிந்த பிறகே மற்றவற்றின் அளவை முடிவு செய்ய முடியும். கூரையைக் கடைசிக்குத் தள்ளுபவர்களுக்குச் சலிப்பும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறது. அழகான முகப்பு ஒன்றின் மேல் தட்டையான சாம்பல் மூடியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

திரையில் உறுதியாக நிற்கிறது. மேசையில் நிற்குமா?

திரை இதற்குச் சாட்சி சொல்லாது. 1×1 கட்டைகளைப் பத்து உயரத்துக்கு அடுக்கி, பக்கத்தில் எதையும் தொடாமல் வைத்துப் பாருங்கள். மென்பொருளுக்கு அது தூண். நிஜத்தில் தளத்தைத் தூக்கும்போது விரல் பட்டாலே வளைந்து கழன்றுவிடும். ஸ்டூடியோவில் உறுதியைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. இணைப்பு விட்டுப்போன இடங்களை அது காட்டும். அதையும் ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கொத்தனார் செங்கல் அடுக்கும்போது ஒரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொள்வார். அதே விதி இங்கும் செல்லும். வடிவமைக்கும்போது நாம் செய்யும் சோம்பேறித்தனம், ஒரு வரிசையைக் கட்டி அதையே நகலெடுத்து மேலே மேலே வைப்பது. நகலெடுத்த சுவரில் இணைப்புகள் எல்லாம் கீழிருந்து உச்சிவரை ஒரே பிளவாக இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: சுவரில் உள்ள ஒவ்வொரு கட்டைக்கும் தற்காலிகமாக வெவ்வேறு நிறம் கொடுங்கள். பிளவு எங்கே ஓடுகிறது என்பது உடனே கண்ணில் படும். பார்த்து முடித்ததும் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிடலாம்.

மூலைகள் இன்னும் மோசம். இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வரிசைக்கு இடச்சுவர் வெளியே நீள வேண்டும், அடுத்த வரிசைக்கு வலச்சுவர். சன்னல் சட்டங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் அவற்றின் தலைக்கு மேல் ஒரு நீண்ட பிளேட் ஓடட்டும். தளத்தின் உச்சி வரிசை முழுவதையும் நீண்ட பிளேட்களால் கட்டிவிட்டால், தூக்கும்போது சுவர்கள் நாலாபக்கமும் விரியாது.

உள்தரையிலும் கவனம் தேவை. மேல்தளத்தின் தரையைச் சிறு பிளேட்களால் நிரப்பினால் திரையில் ஒன்றுமே தெரியாது. நிஜத்தில் நடுவில் தொய்யும். பெரிய பிளேட்களை ஒன்றையொன்று குறுக்காக இரண்டு அடுக்கு போடுங்கள்.

பக்கவாட்டில் கட்டைகளைத் திருப்பிக் கட்டும்போது கணக்கு உதைக்கிறது. ஏன்?

கட்டையின் உயரம் அதன் அகலத்தோடு ஒத்துப்போகாததால். ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம்.

பக்கத்தில் ஒரு குமிழ் உள்ள 1×1 கட்டையை, பாக எண் 87087, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இன்னொன்றை நேராக அடுக்கினால் இரண்டு பக்கக் குமிழ்களுக்கும் இடையே 9.6 மி.மீ. வரும். ஆனால் அவற்றின் மேல் ஒட்டப்போகும் பிளேட் எதிர்பார்ப்பது 8 மி.மீ. அல்லது அதன் மடங்கு. 1.6 மி.மீ. இடிக்கிறது. இப்போது இரண்டு கட்டைகளுக்கும் இடையில் இரண்டு பிளேட்களை நுழையுங்கள்: 9.6 + 3.2 + 3.2 = 16. இரண்டு குமிழ் தூரம் சரியாக அமைந்துவிட்டது. மூன்று குமிழ் நீளமுள்ள டைல் (மேலே குமிழ் இல்லாத வழவழப்பான பிளேட்) ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டினால் இரண்டு நுனியிலும் கச்சிதமாகப் பிடிக்கும். இந்த இடைவெளிக் கணக்கே வேண்டாம் என்றால் 32952 என்ற பாகம் இருக்கிறது. ஐந்து பிளேட் உயரமுள்ள ஒரே கட்டையில் பக்கக் குமிழ்கள் மேலும் கீழுமாக 8 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும்.

அடுத்தது ஆழம். உள்சுவரை ஒரு குமிழ் பின்னால் தள்ளிவிட்டு, அந்த 8 மி.மீ. பள்ளத்தைப் பக்கவாட்டில் ஒரு பிளேட்டும் ஒரு டைலும் கொண்டு மூட நினைக்கிறீர்கள். 3.2 + 3.2 = 6.4. முகப்பு 1.6 மி.மீ. உள்ளே அமிழ்ந்து நிற்கும். சில இடங்களில் அந்த நிழல்கோடு அழகுதான், விட்டுவிடலாம். வேண்டாம் என்றால் பக்கக் குமிழ்க் கட்டைக்குப் பதிலாக, L வடிவில் மடிந்த பிளேட்டான பிராக்கெட் போடுங்கள். பிராக்கெட்டின் மடிப்பு சரியாக அரை பிளேட் தடிமன், 1.6 மி.மீ. மூன்றும் சேர்ந்தால் 8. முகப்பு சுவரோடு சமமாகிவிடும்.

இந்த இரண்டு கணக்குகளும் கைவந்துவிட்டால் முகப்பு அலங்காரங்களில் பெரும்பகுதியை நீங்களே அவிழ்த்துவிடலாம்.

சாய்ந்த சுவர் வேண்டும். கோணத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மென்பொருளில் எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம் என்பதால் கண்ணுக்குப் பிடித்த கோணத்தில் நிறுத்திவிடத் தோன்றும். அப்படி நிறுத்திய சுவரின் ஒரு நுனி குமிழில் உட்காரும், மறு நுனி அந்தரத்தில் இருக்கும்.

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணத்தில் மூன்று பக்கங்களும் முழு எண்கள். ஆகவே சாய்சுவரின் இரண்டு நுனிகளும் குமிழ்களின் மேல் சரியாக விழும். கோணம் 36.87 டிகிரி. சுவர் நீளமாக வேண்டுமானால் 6, 8, 10. மென்மையான சாய்வுக்கு 5, 12, 13.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த எண்கள் குமிழ்களின் எண்ணிக்கை அல்ல, குமிழ்களுக்கு இடையிலான தாவல்கள். 6, 8, 10 முக்கோணம் என்றால் நுனிக் குமிழ்களையும் சேர்த்து எண்ணும்போது 7, 9, 11 வரும். பத்துக் குமிழ் நீளப் பிளேட்டை வைத்துவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று கோணத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தளங்கள் எளிதாகக் கழன்றுவர என்ன செய்ய வேண்டும்?

கீழ்த்தளத்தின் உச்சியை டைல்களால் மூடி, ஆங்காங்கே மட்டும் குமிழ்களை விடுங்கள். நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு விட்டால் பெரும்பாலும் போதும். எல்லாக் குமிழ்களையும் திறந்து விட்டால் மேல்தளத்தைப் பிரிக்க இழுக்கும்போது சுவரே பிய்ந்து வரும்.

தூக்க விரலுக்குப் பிடிமானம் வேண்டும். முன்னால் ஒரு கட்டை அளவுக்கு நீட்டிய கார்னிஸ் (சுவரின் உச்சியில் துருத்தும் அலங்கார விளிம்பு), பின்னால் ஒரு விளிம்பு, இவை போதுமானவை. ஆனால் அந்தக் கார்னிஸ் பக்கவாட்டில் பேஸ்பிளேட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்காது. தனிக் கட்டடமாகத் திரையில் பார்க்கும்போது இது தோன்றவே தோன்றாது. அதற்காகவே கோப்பில் இரண்டு பக்கமும் வெறுமையான பெரிய சுவர் ஒன்றை அண்டை வீடாக நிறுத்திவையுங்கள்.

நிறங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை சொல்கிறார்கள்?

மென்பொருளில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறத்தையும் பூசலாம். தொழிற்சாலை அப்படி வார்ப்பதில்லை. 2×4 கட்டை ஏறக்குறைய எல்லா நிறங்களிலும் வந்திருக்கும். ஆனால் ஒரு வளைவுக் கட்டையோ சன்னல் சட்டமோ சில நிறங்களில் மட்டுமே வந்திருக்கும், அவற்றிலும் சில ஒரே ஒரு பழைய செட்டில் வந்ததோடு நின்றிருக்கும். 2008இல் வந்த ‘கிரீன் குரோசர்’ கட்டடத்தின் சாம்பல் கலந்த பச்சை, அதாவது சாண்ட் கிரீன், இதற்குப் பெயர்போனது. அந்த நிறத்தைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம்.

ஸ்டூடியோவில் ஒரு பாகம் எந்தெந்த நிறங்களில் உண்மையில் வெளிவந்திருக்கிறது என்று வடிகட்டிக் காட்டும் வசதி உண்டு. முதல் நாளிலிருந்தே அதை இயக்கிவையுங்கள். ‘வந்திருக்கிறது’ என்பதும் ‘இப்போது கிடைக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. சுவரின் முக்கிய நிறத்தை முடிவு செய்யும் முன் நான்கு பாகங்களை மட்டும் சந்தையில் தேடிப் பாருங்கள்: 1×2 கட்டை, 1×4 கட்டை, செங்கல் கோடுகள் பதித்த 1×2 கட்டை (98283), சிறிய சாய்வுக் கட்டை (54200). நான்கும் தாராளமாகக் கிடைத்தால் அந்த நிறத்தில் துணிந்து இறங்கலாம்.

இன்னொரு பொறி, சாம்பல் நிறம். 2004ஆம் ஆண்டு வாக்கில் லெகோ தன் இரண்டு சாம்பல்களையும் நீலச்சாயல் உள்ளவையாக மாற்றியது. பழைய சாம்பலும் நிறப்பட்டியலில் இன்னும் இருக்கிறது. பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் நடைபாதை முழுவதும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கட்டைகளாகக் கேட்டு நிற்பீர்கள். லெகோ வைத்த நிறப்பெயர்களும் பிரிக்லிங்க் பெயர்களும் வேறு வேறு. லெகோ ‘மீடியம் ஸ்டோன் கிரே’ என்பதை பிரிக்லிங்க் ‘லைட் ப்ளூயிஷ் கிரே’ என்கிறது. லெகோவின் ‘பிரிக் எல்லோ’ அங்கே ‘டான்’. ஏதாவது ஒரு பட்டியலை மட்டும் பின்பற்றுங்கள்.

வெளியில் தெரியாத இடங்களுக்கு எந்த நிறம் மலிந்து கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். உள்சுவருக்கும் தரைக்கு அடியில் மறையும் தாங்கிகளுக்கும் அரிய நிறம் எதற்கு?

பாகங்கள் மோதுவதாக மென்பொருள் எச்சரிக்கிறது, ஆனால் கையில் சரியாகப் பொருந்துகிறது. எதை நம்புவது?

கையை. ஆனால் எதிர்மாறாகவும் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம், அதுதான் ஆபத்தானது. இரண்டு குமிழ்களுக்கு இடையிலான இடைவெளி 8 − 4.8 = 3.2 மி.மீ. பிளேட்டின் தடிமனும் 3.2. ஆகவே பிளேட்டை நெட்டுக்குத்தாகக் குமிழ்களுக்கு நடுவே செருகலாம் என்று கணக்கு சொல்கிறது, மென்பொருளும் தலையாட்டுகிறது. நிஜத்தில் அது இறுகிப்போய்ப் பிளாஸ்டிக்கை அழுத்தும். லெகோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் இப்படிப்பட்ட இணைப்புகளைத் தங்கள் செட்களில் அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் உங்கள் விருப்பம். பிறர் கட்டுவதற்குக் கொடுக்கிறீர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே அறைகலன்கள், மாடிப்படி எல்லாம் அவசியமா?

அறைகலன்கள் உங்கள் பொறுமையைப் பொறுத்தவை. மாடிப்படியை மட்டும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். பத்துக் கட்டை உயரத் தளத்துக்கு ஒரு படிக்கு ஒரு குமிழ் ஆழம், ஒரு கட்டை உயரம் என்று வைத்தால் சாய்வு ஏறக்குறைய 50 டிகிரி. ஏணிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஒரு படிக்கு இரண்டு குமிழ் ஆழம் கொடுத்தால் நேர்ப்படிக்கு இருபது குமிழ் நீளம் வேண்டும். கட்டடத்தின் மொத்த ஆழத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால்தான் பாதியில் திரும்பும் படிகளும் சுழற்படிகளும் வழக்கத்தில் இருக்கின்றன. மேலே தரையில் விட வேண்டிய திறப்பையும் மறந்துவிடாதீர்கள்.

அறைகலன்களைச் செய்யும்போது தளத்தைக் கழற்றிய பிறகு மேலிருந்து கைவிரல் நுழையுமா என்று பாருங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு குமிழ் அகலச் சந்தில் நாற்காலியை வைப்பது திரையில் ஒரு நொடி வேலை. கட்டுபவருக்கு இடுக்கி வேண்டும்.

வடிவமைப்பு முடிந்தது. பாகங்களை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மொத்த எண்ணிக்கையை விட எத்தனை வகை என்பதுதான் செலவையும் அலைச்சலையும் தீர்மானிக்கிறது. ஒரு பாகம், ஒரு நிறம் சேர்ந்தது ஒரு வகை. ஒரே வகையில் இருநூறு கட்டைகளை ஒரே விற்பனையாளரிடம் வாங்கிவிடலாம். ஒன்றே ஒன்று வேண்டிய முப்பது வகைகளுக்கு எத்தனை பேரிடம் போவது? ஒவ்வொருவரிடமும் தபால் செலவு தனி.

பட்டியலை எண்ணிக்கை வாரியாக வரிசைப்படுத்தி, ஒன்று அல்லது இரண்டு மட்டுமே வேண்டிய வகைகளைப் பாருங்கள். 1×3 கட்டை இரண்டே இடங்களில் வருகிறது என்றால் அங்கே 1×1, 1×2 கட்டைகளை வைத்துச் சமாளிக்க முடியாதா? இப்படி ஒரு மாலை உட்கார்ந்து களையெடுத்தால் பட்டியல் கண்கூடாகச் சுருங்கும்.

வார்ப்பு மாறிய பாகங்களுக்கு வேறு வேறு எண்கள் இருக்கும். நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள 1×2 ஜம்பர் பிளேட்டுக்கு 3794, 15573 என்று எண்கள் உண்டு. உங்கள் கட்டடத்தில் எது இருந்தாலும் சரி என்றால், பட்டியலில் தற்போது அதிகம் கிடைக்கும் எண்ணையே போடுங்கள். பழைய எண்ணைப் போட்டுவிட்டு “எங்குமே கிடைக்கவில்லை” என்று சோர்ந்துவிட வேண்டாம்.

வாங்கும் முன் இன்னொன்று: அடர்சிவப்பு, செம்பழுப்பு நிறப் பழைய கட்டைகள் எளிதில் உடைவதாகப் பலரும் குறை சொல்வது வழக்கம். உள்ளே ஆழத்தில் போகும் பாகம் என்றால் புதியதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கட்டும் வழிமுறைக் கையேட்டை மென்பொருளே தயாரித்துவிடுமா?

படிகளாகப் பிரித்துப் பக்கம் அமைத்துத் தரும். எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை என்று சிந்திப்பது உங்கள் வேலை. தானாகப் பிரிக்கச் சொன்னால், இன்னும் கட்டப்படாத சுவரில் தொங்கும் விளக்கை மூன்றாவது படியிலேயே வைக்கச் சொல்லும்.

ஒவ்வொரு தளத்தையும், ஒவ்வொரு சன்னல் அமைப்பையும் தொடக்கத்திலிருந்தே தனித் துணைமாதிரியாக வைத்திருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். பெரிய கோப்பில் கணினி திணறும்போது வேண்டாத தளங்களை மறைத்துவைக்கவும் அது உதவும். ஒரு படிக்கு நாலைந்து கட்டைகளுக்கு மேல் வேண்டாம். அடர்சாம்பலின் மேல் அடர்சாம்பல் வைக்கும் படிகளில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே எது புதிதாக வந்தது என்றே தெரியாது. பின்பக்கம் வைக்கும் கட்டைக்கு மாதிரியைத் திருப்பிக் காட்டுங்கள்.

ரெண்டர் படங்கள் (மென்பொருள் புகைப்படம்போல் உருவாக்கித் தருபவை) ஏன் உயிரில்லாமல் வருகின்றன?

பெரும்பாலும் கேமரா வானத்தில் இருப்பதால். அதை லெகோ உருவத்தின் கண்மட்டத்துக்கு இறக்கி, நடைபாதையில் நிறுத்துங்கள். கட்டடத்துக்குள் ஒரு விளக்கு வையுங்கள். சன்னல் கண்ணாடிகள் தாமாகவே பேசும்.

என் வடிவமைப்பை லெகோ நிறுவனம் எடுத்துக்கொள்ளுமா?

வழி இருக்கிறது. லெகோ ஐடியாஸ் தளத்தில் 10,000 ஆதரவாளர்களைச் சேர்த்தால் நிறுவனம் பரிசீலிக்கும்; பரிசீலிப்பது என்பது வெளியிடுவது அல்ல. பிரிக்லிங்க் டிசைனர் புரோகிராம் இன்னொரு வாசல். அங்கே குறிப்பிட்ட பாகங்களின் பட்டியலுக்குள் நின்று ஸ்டூடியோவில் வடிவமைக்க வேண்டும். ரசிகர் ஒருவரின் வடிவமைப்பு மாடுலர் தெருவில் இடம்பிடிப்பது புதிதும் அல்ல: கஃபே கார்னர் வந்த அதே 2007இல் வெளியான ‘மார்க்கெட் ஸ்ட்ரீட்’ எரிக் பிராக் என்ற ரசிகர் வடிவமைத்தது.

எங்கே அனுப்புவதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு தளத்தையாவது நிஜக் கட்டைகளில் கட்டிப் பாருங்கள். நிறம் பொருந்த வேண்டியதில்லை. கையில் இருக்கும் கலப்புக் கட்டைகளே போதும். கட்டியதும் பேஸ்பிளேட்டிலிருந்து ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, எது கழன்று விழுகிறதோ அந்த இடத்தைக் கோப்பில் திருத்துங்கள்.